சித்தப்பாவிடம் கணக்குக் கேட்கலாமா?

முதலில் வாசகியின் கடிதத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

எழுதியிருப்பவர் 41 வயதுப் பெண். குடும்பம் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா இறந்து 28 மாதங்கள் ஆகின்றன. அவர் 2018-இல் உயில் எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு மகளுக்கு. ஒரு மனை, வங்கி வைப்புத்தொகை, கொஞ்சம் பங்குகள் ஆகியவை கடன்களைத் தீர்த்ததுபோக மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி. பக்கவாதம் வந்த நாளிலிருந்து உடனிருந்து பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு 2 லட்சம் ரூபாய். இதையெல்லாம் நிறைவேற்றி வைக்கும் எக்ஸிகியூட்டராக (நிறைவேற்றுநராக) அப்பா தன் தம்பியை நியமித்திருக்கிறார்.

சித்தப்பா வீட்டை மாதம் 14,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை அவர் கைக்குப் போகிறது, பத்திரங்களும் அவரிடம். வங்கியில் இருந்த சுமார் 11 லட்சத்தை வெளிநாட்டில் இருக்கும் வாசகியின் தம்பி, "நாமினி நான்தானே" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். அப்பா மருத்துவத்துக்காக வாங்கிய 3 லட்சம் கடன் அப்படியே நிற்கிறது. கணக்குக் கேட்டால், "என்னை நம்பலையா? உங்கப்பா இருந்தா இப்படிக் கேப்பாரா?" என்கிறார் சித்தப்பா. போன மாதம் ஒரு விடுதலைப் பத்திர நகலோடு வந்தார். மனையில் உள்ள பாதிப் பங்கை 6 லட்சத்துக்கு அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், இனி எந்தக் கணக்கும் கேட்பதில்லை என்றும் எழுதித் தர வேண்டும். மனை பிறகு அவருடைய மருமகன் பெயருக்குப் போகும் என்று கேள்வி. பக்கத்து மனை விற்ற விலையைப் பார்த்தால் அந்தப் பாதியே 15 லட்சம் பெறும் என்கிறார் வாசகி.

அவருடைய கேள்விகள்: உயிலே பொய் என்று வழக்குப் போட்டால் சித்தப்பாவின் அதிகாரம் போய்விடும் என்று ஓர் உறவினர் சொல்கிறார், போடலாமா? நானே புரொபேட் (உயிலுக்கு நீதிமன்றம் தரும் சான்று) வாங்க முடியுமா? தம்பி எடுத்த பணம் போனதுதானா? போலீசுக்குப் போகலாமா? கடைசி வரியில், "கணக்குக் கேட்டால் அப்பா பக்கத்து உறவே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு சம்மதக் கடிதம்தான்" என்று வேறு பெயரில் வந்தாலும் போடாதீர்கள். வெற்றுத் தாளிலோ, நிரப்பாத முத்திரைத்தாளிலோ வேண்டவே வேண்டாம். ஏன் என்பதற்குச் சட்டத்திலேயே, உங்கள் வீட்டு விஷயத்தைப் பார்த்து எழுதியது போன்ற ஓர் உதாரணம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 88-ஆவது பிரிவின் கீழ் வரும் முதல் விளக்கம் அது. உயிலை நிறைவேற்ற வேண்டியவர், உயிலால் பயன்பெற வேண்டியவரிடமிருந்து அவருடைய பங்கைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார். கொடுத்தவருக்கு உண்மையான மதிப்புத் தெரியாது. அப்படி நடந்தால் கொடுத்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நிறைவேற்றுநர் அந்தப் பயனாளிக்காகவே வைத்திருக்க வேண்டும், தன்னுடையதாக்க முடியாது.

சட்டம் பின்னால் வந்து காப்பாற்றும் என்றால் இப்போது போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். பதிவான பத்திரத்தை ரத்து செய்ய நீங்கள்தான் வழக்குப் போட வேண்டும், உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். தவிர, மதிப்புத் தெரியாமல் போட்டேன் என்று உங்களால் சொல்ல முடியாது. பக்கத்து மனையின் விலையை எனக்கு எழுதியதே நீங்கள்தான்.

சித்தப்பாவின் கையில் இருப்பது என்ன

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 211-இன்படி இறந்தவரின் சொத்துகள் நிறைவேற்றுநரிடம் வந்து சேர்கின்றன. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பல குடும்பங்களில் "இனி எல்லாம் என் பொறுப்பு" என்பது "இனி எல்லாம் என் இஷ்டம்" ஆகிவிடுகிறது. வந்து சேர்வது இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மட்டும்தான். சொத்தைத் திரட்டவும் கடனை அடைக்கவும் உயிலில் சொன்னபடி பிரித்துக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அனுபவிக்கும் உரிமை அதில் இல்லை.

அதே சட்டத்தின் 310-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிறைவேற்றுநர் இறந்தவரின் சொத்தில் எதையாவது நேரடியாகவோ மறைமுகமாகவோ தானே வாங்கினால், அந்தச் சொத்தில் உரிமையுள்ள மற்றவர் அதை ரத்து செய்யக் கோரலாம். மருமகன் என்பதாலேயே அது தானாக "மறைமுகம்" ஆகிவிடாது. பணம் யாருடையது, விலை எப்படி நிர்ணயமானது, வேறு யாரிடமாவது விலை கேட்கப்பட்டதா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். நேர்மையான நிறைவேற்றுநர் இந்தக் கேள்விகளே எழாதபடி மனையை வெளியாருக்கு, வெளிப்படையாக, சந்தை விலைக்கு விற்பார்.

காலத்தைப் பற்றி ஒரு திருத்தம். "அப்பா போன மறுமாதமே கொடுத்திருக்க வேண்டாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை உயிலில் சொன்ன எதையும் கொடுத்தே தீர வேண்டும் என்று நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது, 337-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. கடன்காரர்கள் யார் யார் வருகிறார்கள் என்று தெரிய அந்த அவகாசம் தேவை. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த ஓராண்டு முடிந்து 16 மாதங்கள் ஆகிவிட்டன.

வீட்டு வாடகையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு சொத்து ஒருவருக்கென்று உயிலில் எழுதப்பட்டிருந்தால், அதிலிருந்து வரும் நிகர வருமானம் இறந்த நாளிலிருந்தே அவருக்குச் சேரும் (பிரிவு 349). வீடு உங்களுக்கு, ஆகவே அப்பா இறந்த நாள் தொட்டு வந்த வாடகையும் உங்களுக்கு. 28 மாதமும் வீட்டில் ஆள் இருந்திருந்தால் அது 3,92,000 ரூபாய். வீட்டு வரி, அவசியமான பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள சித்தப்பாவுக்கு உரிமை உண்டு. மீதி உங்களுடையது.

"கடனுக்காக வீட்டையும் விற்க வேண்டி வரலாம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் 3 லட்சம், வைப்புத்தொகை 11 லட்சம், மனை வேறு. கடனையும் தேவையான செலவுகளையும் தீர்க்க மற்ற சொத்து போதும் என்றால் தனியாக எழுதிவைத்த வீட்டில் கைவைக்க முடியாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டது

கையில் பணம் இல்லாத நிறைவேற்றுநர் உங்கள் சித்தப்பா. கடனை அடைக்க வேண்டிய 11 லட்சம் உங்கள் தம்பியிடம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் உள்ளூரில் சித்தப்பாவைத்தான் தினமும் பார்க்கிறார். மனையை எப்படியாவது பணமாக்க வேண்டும் என்ற அவசரத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் அவர் 6 லட்சம் பேசியது நியாயமாகிவிடாது. ஆனால் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டு தவிப்பதற்கும் திட்டமிட்டு ஏமாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிக்கும். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது தெரியாது. கணக்கு வந்தால்தான் தெரியும்.

நாமினி விஷயத்தில் தம்பி நினைப்பது தவறு. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு முடிகிறது, அவ்வளவுதான். பணத்துக்கு உரியவர் யார் என்பதை நாமினேஷன் தீர்மானிப்பதில்லை. வங்கி வைப்புகளில் இதை உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது, கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலைமை வேறு. அப்பாவுக்குப் பாலிசி இருந்திருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை 11 லட்சமும் உயிலின் கணக்குக்குள் வர வேண்டிய பணம். அதைக் கேட்டு வாங்குவது சித்தப்பாவின் கடமை. வசூலிக்க வேண்டியதை அலட்சியத்தால் விட்டுவிட்டு நஷ்டம் வந்தால் அவரே ஈடுகட்ட வேண்டும் (பிரிவு 369). இதை அவர் அறிந்திருப்பார் என்று நினைக்கவில்லை. நீங்கள் சொல்லித்தான் தெரியப்போகிறது.

தம்பியிடம் நீங்கள் பேசலாம். அவருக்கும் மனையில் பாதி இருக்கிறது. அது குறைந்த விலைக்குப் போனால் அவருக்கும் நஷ்டம். உங்கள் பங்கை 6 லட்சத்துக்குக் கேட்டவர் அவர் பங்கை என்ன விலைக்குக் கேட்டார் என்று விசாரித்தீர்களா? நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டிய இடம் அது.

உயில் பொய் என்று சொன்னால்

உறவினரின் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். உயில் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் சித்தப்பாவின் அதிகாரம் போகும், உண்மைதான். கூடவே என்ன போகும் என்று பாருங்கள். உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சொத்து, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் பிரியும். அப்பாவின் அம்மாவும் அந்த வகுப்பில் வருவார்; பாட்டி இப்போது இல்லை என்கிறீர்கள், அப்பா இறந்தபோதே இல்லை என்றால் நீங்களும் தம்பியும்தான். அப்போது வீட்டில் உங்களுக்குப் பாதிதான். இன்று உயில் உங்களுக்கு முழு வீட்டையும் கொடுக்கிறது. சித்தப்பாவின் மீதுள்ள கோபத்தில் அரை வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம் இந்த வழக்கு. பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்கும் ஒரு ரூபாய் கிடைக்காது.

அது மட்டும் இல்லை. அப்பா நல்ல நினைவோடு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உண்மை என்று தெரிந்ததைப் பொய் என்று சத்தியப் பிரமாணத்தில் சொல்ல எந்த வழக்கறிஞரும் உங்களுக்குத் துணை போகக் கூடாது. உயிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வீட்டைக் கேட்பதும், மறு கையால் அதைத் தள்ளுவதும் நீதிமன்றத்தில் எடுபடாது.

புரொபேட்டும் 78 வயது சாட்சியும்

புரொபேட் என்பது, "இதுதான் இறந்தவரின் கடைசி உயில், இவர்தான் நிறைவேற்றுநர்" என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் சான்று. அதை உயிலில் நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே கொடுக்க முடியும் (இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 222). ஆகவே நீங்களே புரொபேட் வாங்க முடியாது. அவர் பொறுப்பேற்க மறுத்தாலோ, நீதிமன்றம் அழைத்தும் முன்வராமல் இருந்தாலோ, மீதிச் சொத்தைப் பெறும் பயனாளி என்ற முறையில், உயில் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமைச் சான்றை நீங்கள் கேட்கலாம். பலனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

புரொபேட் கட்டாயமா என்றால், உங்களுக்கு இல்லை. சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் எல்லைக்குள்ளும் (ஏறத்தாழ அந்த நகரங்கள்) பழைய வங்காள ஆட்சிப் பகுதிக்குள்ளும் எழுதப்பட்ட அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயில்களுக்குத்தான் அந்தக் கட்டாயம் நெடுங்காலம் இருந்தது. உங்கள் உயிலும் சொத்தும் அதற்கு வெளியே. இப்போது அந்த 213-ஆவது பிரிவையே நாடாளுமன்றம் 2025-இல் நீக்கிவிட்டது.

கட்டாயம் இல்லை என்பதால் பயன் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புரொபேட் வாங்கிய நிறைவேற்றுநர் 6 மாதத்துக்குள் முழுச் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும் (பிரிவு 317). நீதிமன்றம் கேட்டும் வேண்டுமென்றே செய்யாவிட்டால் அது குற்றம். சித்தப்பா புரொபேட் வாங்காததால் அந்தப் பிரிவு இப்போது அவர்மேல் பாயவில்லை. "புரொபேட் இல்லை, அதனால் கணக்கும் இல்லை" என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அது பிழை. அடுத்தவர் சொத்தைக் கையில் வைத்திருப்பவர் என்ற முறையில் கணக்குக் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

இதில் நான் அவசரப்படுவது வேறொரு காரணத்துக்காக. உயிலின் சாட்சிகளில் ஒருவர் சித்தப்பாவின் நண்பர், இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு 78 வயது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பதிவு செய்த உயில் என்பதாலேயே அது நிரூபணமாகிவிடாது. சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரை விசாரித்துத்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 67-ஆவது பிரிவு. இருவரும் இல்லாமல் போனால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்க இடம் உண்டு, ஆனால் கடினம். நாளை தம்பியோ வேறு யாரோ உயிலைக் கேள்விக்குள்ளாக்கினால் உங்கள் வீட்டைக் காப்பாற்றப்போவது அந்தப் பெரியவரின் வாய்மொழி. அவரைப் போய்ப் பாருங்கள். அன்று என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று அவர் நினைவில் இருப்பதைக் கேட்டு அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

போலீஸ், நீக்கம், வழக்கு

பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடிக்கும் (பிரிவு 316) இறந்தவரின் உடைமைகளைக் கையாடுவதற்கும் (பிரிவு 315) தண்டனை உண்டு. ஆனால் தாமதம் மட்டும் குற்றம் ஆகாது, கணக்குக் கொடுக்காததும் தனியாக ஆகாது. நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இன்றைய நிலையில் புகார் கொடுத்தால், "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். சித்தப்பா பேசுவதையும் நிறுத்திவிடுவார். வாடகை ரசீதுகளை மறைத்ததோ, மனையை விற்றுப் பணத்தை ஒளித்ததோ ஆவணத்தோடு தெரியவந்தால் அப்போது இந்தக் கதவைத் தட்டலாம்.

நிறைவேற்றுநரை இடைநிறுத்தவும் நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 301-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. மனக்கசப்பு மட்டும் அதற்குப் போதாது. அவர் தொடர்ந்தால் சொத்துக்கும் பயனாளிகளுக்கும் கேடு என்று காட்ட வேண்டும், அவருக்குப் பதில் யார் என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதைக் கடைசியில் வைப்பேன்.

நடுவே இருக்கும் வழிதான் உங்களுக்குப் பொருத்தம். இறந்தவரின் சொத்தை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நிர்வகிக்கக் கோரும் வழக்கு அது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது கட்டளை, 13-ஆவது விதியின்படி நீதிமன்றம் முதலில் கணக்கெடுக்கவும் விசாரிக்கவும் ஆணையிட்டு முதல்நிலைத் தீர்ப்புத் தரும், பிறகு கடன், உயிலில் சொன்ன தொகைகள், மீதி என்று வரிசையாகத் தீர்க்கும். சித்தப்பா, தம்பி, அந்த அம்மா எல்லோரையும் சேர்க்கலாம். அதே வழக்கில் மனையை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது யாராவது வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உரிமை யாருக்கு என்று தீர்ப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை, நீதிமன்றத் தடை இல்லாமல் அந்த மனுவை நம்பி இருக்காதீர்கள்.

காலக்கெடுவில் உங்களுக்கு நெருக்கடி இல்லை. உயிலில் சொன்ன தொகையையோ பங்கையோ நிறைவேற்றுநரிடம் கேட்க, அது தரப்பட வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் உண்டு. சாட்சியின் வயதுதான் உங்கள் காலக்கெடு.

இந்த வாரம் தொடங்க வேண்டியது

முதலில் பதிவு அலுவலகத்தில் உயிலின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எழுதியவர் இறந்தபின் அதை யார் விண்ணப்பித்தாலும் தர வேண்டும், சித்தப்பாவின் தயவு தேவையில்லை. வீட்டுக்கும் மனைக்கும் அப்பா இறந்த நாளிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நமக்குத் தெரியாமல் ஏதும் பதிவாகியிருந்தால் இந்தக் கடிதத்தில் நான் சொன்ன வரிசையே மாறும், உடனே நீதிமன்றம் போக வேண்டும்.

அடுத்து, வக்கீல் நோட்டீசுக்கு முன்பு, உங்கள் கைப்பட ஒரு கடிதம். நேரில் போய்ப் பேசிவிட்டு அதையே எழுத்திலும் அனுப்புங்கள், நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"அன்புள்ள சித்தப்பாவுக்கு, அப்பா உங்களை நம்பித்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. அப்பா விட்டுச்சென்ற சொத்துகள், கடன்கள், இதுவரை வந்த வாடகை, நீங்கள் செய்த செலவுகள் ஆகியவற்றின் விவரத்தை 30 நாளுக்குள் எழுதித் தரக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கைப்பணத்தில் செலவு செய்திருந்தால் அதையும் எழுதுங்கள், முதலில் அதைத் தீர்த்துவிடலாம். உயிலின்படி வீட்டை என் பெயருக்கு விட உங்கள் இசைவை எழுத்தில் தாருங்கள். கணக்குப் பார்த்து முடிக்கும்வரை மனையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தம்பியிடம் உள்ள வைப்புத்தொகையைக் கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு நானும் துணை நிற்கிறேன்."

இதில் இசைவு என்ற சொல் முக்கியம். உயிலில் உங்கள் பெயர் இருந்தாலும் நிறைவேற்றுநரின் இசைவு கிடைத்த பிறகே உங்கள் உரிமை முழுமை பெறுகிறது (பிரிவு 332). வாய்மொழியாகவும் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு என்று பெயர் மாற்றப் போகும் இடத்தில் எல்லாம் காகிதம் கேட்பார்கள்.

கணக்கு வரும்போது சில கழிவுகளுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஈமச்சடங்குச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும் எல்லாக் கடனுக்கும் முந்தியவை. அப்பாவின் கடைசி வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதும் அவர் வேலைதான், அதற்கான செலவும் சேரும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். பெரிய தொகைகளுக்குக் கேளுங்கள், சின்னவற்றை விடுங்கள். நான் பார்த்த பல குடும்ப வழக்குகளில் சமரசம் உடைந்தது நிலத்தில் இல்லை, கருமாதிச் சாப்பாட்டுக் கணக்கில்.

உறவு முறியுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். "என்னை நம்பலையா" என்று அவர் மறுபடி கேட்டால், "நம்புகிறேன் சித்தப்பா. நாளைக்கு உங்கள் பிள்ளைகளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதி வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இது சமாளிப்புக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. நிறைவேற்றுநர் சொத்தைத் தவறாகக் கையாண்டு நஷ்டம் வந்தால் அவர் சொந்தப் பொறுப்பில் ஈடுகட்ட வேண்டும் (பிரிவு 368), அவர் காலத்துக்குப் பிறகு அவர் விட்டுச்சென்ற சொத்தையும் அது துரத்தலாம். எழுதி முடித்த கணக்கும் நீங்கள் கொடுக்கும் பற்றுச்சீட்டும் அவருக்குப் பாதுகாப்பு. பெரும்பாலான சித்தப்பாக்களுக்கு இதை யாரும் இந்தக் கோணத்தில் சொன்னதே இல்லை.

30 நாளில் பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச வைப்பார்கள். லோக் அதாலத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அங்கும் தீராவிட்டால் நான் மேலே சொன்ன நிர்வாக வழக்கு.

ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவுக்குக் கடைசி இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். இறப்பதற்கு முந்தைய 3 மாதத்துக்குள் செய்த வேலைக்கான கூலி மற்ற கடன்களுக்கு முன்பே தரப்பட வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 322-ஆவது பிரிவு சொல்கிறது. 3 லட்சம் கடன் கொடுத்தவரைவிட அவர் முன்னால் நிற்கிறார். அவருக்கு அப்பா எழுதிவைத்த 2 லட்சமோ, நீங்களும் தம்பியும் மீதியைப் பிரிக்கும் முன் கொடுக்க வேண்டியது. இறந்து ஓராண்டு முடிந்த நாளிலிருந்து அதற்கு வட்டியும் ஓடும். எழுதிவைத்தவர் இந்து என்றால் ஆண்டுக்கு 6 சதவீதம். 16 மாதத்துக்கு 16,000 ரூபாய். அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. தன் பெயர் உயிலில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. சித்தப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய சம்பள பாக்கியையும் 2 லட்சத்தையும் தனி வரியில் சேருங்கள். உயிலின் நகலை வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கி, அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.